சுருங்கிய இறாலும் நாலு வயது மகளும்

1

போன கிழமை எங்கள் மகள் தர்சினியின் பிறந்த நாளுக்குக் கேக் சொல்லப் போயிருந்தோம். நோர்வேயின் வட அந்தத்தில் இருக்கிற இந்தச் சின்னப் பட்டினத்தில் கேக் செய்கிற கடை ஒன்றுதான். வைகாசி மாதம் பிறந்தும் தெருவோரத்தில் பனி அழுக்குக் குவியலாகக் கிடக்கிறது. கடைக்காரப் பெண் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "மகளுக்கு எத்தனை வயது?" என்று கேட்டாள்.

நானும் என் மனைவி யோகாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

சாதாரணக் கேள்விதான். ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு யாரும் வாய்க்கு வந்தபடி பதில் சொல்வதில்லை. நான் மனதுக்குள் ஒரு தரம் கூட்டிப் பார்த்தேன். யோகா நீதவான் முன்னால் சாட்சி சொல்கிறவள் போல நிமிர்ந்து நின்று, "பன்னிரண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் ஆண்டு, வைகாசி" என்றாள். கேக்குக்கு ஆண்டு தேவையில்லை என்று அந்தப் பெண் பணிவாகச் சொன்னாள். பிள்ளையின் வயதை இப்படி யோசித்துச் சொல்கிற தாய் தகப்பனைப் பற்றி அவள் என்ன நினைத்தாளோ தெரியாது.

வெளியே வந்ததும் இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினோம். சிரித்து முடிந்தபோது யோகாவின் கண் கலங்கியிருந்தது. கேட்டதற்குக் குளிர்காற்று என்றாள்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்வதென்றால் முதலில் கிறில் பற்றிச் சொல்ல வேண்டும். "அங்கை உமக்கு என்ன வேலை?" என்று ஊரிலிருந்து கடிதம் போடுகிறவர்களுக்கும் அதோடு மறுமொழி எழுதியதாகிவிடும்.

2

என் வேலையைப் பற்றி ஊரில் இரண்டு கதைகள் உலாவுகின்றன. நான் பிறந்த தொண்டைமானாற்றில் நான் துருவத்தில் ஆராய்ச்சி செய்கிற பெரிய விஞ்ஞானி. அக்கா வாழ்க்கைப்பட்ட பருத்தித்துறையில் நான் மீன் கொம்பனியில் இறால் கோது உடைக்கிறவன். இரண்டும் பிழை. நான் இறால் அளக்கிறவன்.

கிறில் என்பது இறாலுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். எங்கள் கூனியைவிடப் பெரிது, கறிக்கு வாங்குகிற கடல் இறாலைவிடச் சின்னது. தென் துருவக் கடலில் சுண்டுவிரல் அளவுக்கு வளரும். திமிங்கிலம், பெங்குவின், கடல்நாய் எல்லாம் அதைத் தின்றுதான் உயிர் வாழ்கின்றன. சாப்பிடலாமா என்று கேட்க உங்களுக்கு வாய் உன்னுவது தெரிகிறது. யோகாவும் இங்கே வந்த கிழமையே அதைத்தான் கேட்டாள். சாப்பிடலாம். ஆனால் என் மேசைக்கு வருகிற கிறில் போமலின் மருந்தில் ஊறியது. அதில் சம்பல் இடித்தால் இடித்தவரையும் போத்தலில் போட வேண்டி வரும்.

கப்பலில் போய்ப் பிடிக்கிறவள் இங்கர். எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் கிறில் பகுதிக்கு அவள்தான் பொறுப்பு. வருடத்தில் பாதியை வடக்குக் கடலிலும் தெற்குக் கடலிலும் கழித்துவிட்டு, மீதிப் பாதியை நித்திரை வராமல் கழிக்கிறவள். அவள் போத்தல்களைக் கொண்டுவந்து அடுக்குவாள். நான் ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணின் முன் விளிம்பிலிருந்து வால் நுனி வரை அளப்பேன். பிறகு பிரட்டிப் போட்டு ஆணா பெண்ணா என்று பார்ப்பேன். இரண்டும் தெரியாவிட்டால் குஞ்சு என்று எழுதுவேன். தொண்டைமானாற்றில் விலங்கியல் பட்டதாரி என்று சொல்லிக்கொண்டு வேலையில்லாமல் திரிந்த காலத்தில், இறாலுக்குக் கீழே எட்டிப் பார்ப்பதற்கு ஒருவன் சம்பளம் தருவான் என்று யாராவது சொல்லியிருந்தால் பகிடி என்றுதான் நினைத்திருப்பேன்.

இந்த வேலை எதற்கு என்று கேட்பீர்கள். கடலில் கிறில் எவ்வளவு இருக்கிறது, எங்கே இருக்கிறது, அதில் கிழடு எத்தனை, குஞ்சு எத்தனை என்று அறியத்தான். சொல்ல இலகு. கிறில் கடல் முழுக்கப் பரவி இருப்பதில்லை. ஓரிடத்தில் கூடி நிற்கும், பக்கத்தில் ஒன்றும் இராது. தொண்டைமானாற்றில் வலை வீசி யாழ்ப்பாணத்துச் சனத்தொகையைக் கணக்குப் பார்க்கிறதாக வைத்துக்கொள்ளுங்கள். சந்நிதி கோவில் தேரன்றைக்கு வீசினால் வலை கிழியும். மறு நாள் வீசினால் கடலைக்காரர் இரண்டு பேர் அகப்படுவார்கள். அதோடு, கூட்டங்களும் கலந்து இருப்பதில்லை. சின்னவை சின்னவையோடு சேரும். முட்டை சுமக்கிற பெண்கள் ஆழக் கடலுக்குப் போய்விடும். குஞ்சுகள் வேறெங்கோ பனிக்கட்டியின் அடியைப் பிறாண்டித் தின்றுகொண்டு, நீரோட்டம் கொண்டுபோகிற பக்கம் போகும்.

அளந்ததைக் கோட்டுப் படமாக வரைந்தால் மேடும் பள்ளமுமாக வரும். ஒவ்வொரு மேடும் ஒரு வருடத்துப் பிள்ளைகள். ஒரு மேடு காணவில்லை என்றால் அந்த வருடத்துப் பிள்ளைகள் பிழைக்கவில்லை, அல்லது வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

ஒரு நாள் வேலை குறைந்த நேரத்தில், பகிடிக்கு, இந்தப் பட்டினத்துத் தமிழரை அதே மாதிரி வரைந்தேன். எண்பத்தொன்பதாம் ஆண்டு. மீன் தொழிற்சாலைக்கு வந்த பெடியங்கள் எல்லோரும் இருபதுக்கும் முப்பதுக்கும் இடையில் ஒரே மேடாக எழும்பி நின்றார்கள். புதிதாக வந்த மனைவிமார் பக்கத்தில் சின்னப் புடைப்பு. வலப் பக்கத்தில் கிழவர் இல்லை. இடப் பக்கம் வெறும் தாள்.

இங்கர் காப்பிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "இது எந்தக் கடல்?" என்று கேட்டாள்.

"யாழ்ப்பாணக் கடல்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. வெறுமையாக இருந்த இடப் பக்கத்தில் விரலை வைத்தாள். "இந்தக் கூட்டத்துக் குஞ்சுகள் எங்கே?"

எங்கள் குஞ்சு பருத்தித்துறையில் இருந்தது. 

3

தர்சினி பிறந்தது எண்பத்து மூன்று வைகாசியில். அந்த ஆடியில் நாட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அடுத்த தை மாதம், மாணவர் விசாவில், பனிச்சப்பாத்து என்றால் என்னவென்று தெரியாமல் நான் இங்கே வந்து இறங்கினேன். பிள்ளைக்கு அப்போது எட்டு மாதம்.

மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடுவதற்கு எழுதிப் போட்டு, கேட்ட கடதாசி எல்லாம் அனுப்பி, எண்பத்தெட்டில் யோகாவுக்கு மட்டும் அனுமதி வந்தது. பிள்ளையின் பிறப்புப் பதிவில் ஏதோ முத்திரை தெளிவில்லையாம். அது சரிவர இன்னும் கொஞ்ச நாள் எடுக்கும் என்றார்கள். யோகாவின் விசாவுக்குத் தவணை இருந்தது. "நீ போ பிள்ளை. உன்ரை மேளை நான் என்ன கடலிலையோ போடப்போறன்? ரெண்டு மாசத்திலை பின்னாலை அனுப்பிவிடுறன்" என்று என் அக்கா சொன்னாளாம். யோகா போகமாட்டேன் என்று நின்றாள். வீட்டில் எல்லோரும் சேர்ந்து அவளைக் கிளப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் நான்கு வருடமாகும் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

அக்கா நல்லவள். பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தாள். ஆனால் அவளுக்கு ஒரு கொள்கை உண்டு. மடியில் இருக்கக்கூடிய பிள்ளைக்கு பஸ்ஸில் ரிக்கற் எடுக்கக் கூடாது. தன் மூன்று பிள்ளைகளையும் மீசை அரும்புகிற வரைக்கும் மடியில் வைத்தே பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கொண்டு திரிந்தவள். இந்தக் கொள்கை இப்போது எங்கள் மகளின் தலையில் இறங்கியது. பிள்ளை ஆளும் சின்னன். அதனால் கொள்கை வெகு நன்றாகப் பலித்தது.

4

தொண்ணூறாம் ஆண்டு சித்திரையில், கொழும்பில் உள்ள நோர்வே அலுவலகத்தில் பிள்ளையை நேரில் பார்க்க வேண்டும் என்று அழைத்தார்கள். யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலம். அக்கா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள். அன்று பின்னேரமே வெள்ளவத்தையில் ஒரு கடையிலிருந்து எங்களுக்கு ரெலிபோன் எடுத்தாள்.

"தம்பி, எல்லாம் வடிவாப் போச்சுது. என்னை வெளியிலை இருத்திப்போட்டுப் பிள்ளையைத் தனிய உள்ளை கூப்பிட்டவை. கேட்டதுக்கெல்லாம் டக்டக்கெண்டு மறுமொழி சொல்லிப்போட்டு வந்திட்டாள்."

எனக்கும் யோகாவுக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். ஒரு ரிசீவரில் இரண்டு காதை வைத்துக்கொண்டு நின்றோம். பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னேன்.

"பிள்ளை, என்னம்மா கேட்டவை?"

"பேர் கேட்டவை. அம்மாடை பேர் கேட்டவை. பள்ளிக்கூடம் போறனியோ எண்டு கேட்டவை. வயசு கேட்டவை."

"வயசு என்னெண்டு சொன்னனி?"

"நாலு."

அவளுக்கு அப்போது ஆறு முடிந்து ஏழு பிறக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது.

"ஏனம்மா நாலு எண்டு சொன்னனி?"

"அந்த மாமா காதிலை பேனை செருகியிருந்தவர்." அவளுக்கு அது முழு விளக்கம். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து, ஒன்றும் தெரியாத ஆளுக்குச் சொல்வது போல மிச்சத்தையும் சொன்னாள். "பேனையோடை வாற ஆக்கள் வயசு கேட்டால் நாலு எண்டு சொல்லவேணும். மாமி சொன்னவ."

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "ஐயோ கடவுளே! உது பஸ்ஸுக்கெல்லோ சொல்லிக் குடுத்தது!"

கொண்டக்டர் காதில் பேனை செருகியிருப்பார். அந்த அலுவலகத்து மொழிபெயர்ப்பாளரும் செருகியிருந்திருக்கிறார். பிள்ளை உடனே தோளை ஒடுக்கி, குறண்டிக்கொண்டு, சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒப்பித்திருக்கிறாள். எந்தப் பிள்ளையையும் இவ்வளவு கீழ்ப்படிவாக நான் பின்னர் பார்த்ததில்லை, இந்தப் பிள்ளை உட்பட.

அக்கா திரும்ப அந்தக் கட்டடத்துக்கு ஓடினாள். வாசலில் நின்றவர், உள்ளே எழுதியது எழுதியதுதான் என்றாராம்.

யோகா அன்று சமைக்கவில்லை. அடுத்த ஒரு மாதம் என் சொந்தக்காரர் எல்லோரும் "உங்கடை ஆக்கள்" ஆகிவிட்டார்கள். தொண்டைமானாற்றில் நான்கு தலைமுறைக்கு முன்னால் இறந்துபோனவர்களும் அதில் அடக்கம்.

5

இதை எழுதும்போது தர்சினி தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறாள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஒரு வரியைக் கடக்க அவளுக்கு ஒரு பாட்டுக் கேட்டு முடிகிற நேரம் வேண்டும்.

"என்னைப் பற்றியோ எழுதுறீங்கள்?"

"ஓம். நாலு வயசுக் கதை."

"உஃப், பாப்பா!" என்றுவிட்டுப் போனாள். நோர்வேக்காரருக்கு வாழ்க்கையில் வருகிற எல்லாத் துன்பத்துக்கும் உஃப் என்ற ஒரு சொல் போதும். பாப்பா என்றால் அவர்கள் மொழியில் தகப்பன். நான் 'அப்பா' என்று திருத்தியும் பார்த்துவிட்டேன். இப்போது என்னைத் திருத்துகிறவள் அவள்தான். பெற்றோர் கூட்டத்தில் நான் நோர்வே மொழியில் வாய் திறந்தால், கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

இருக்கட்டும். ஐப்பசியில் கடிதம் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பிள்ளை தன் வயது நான்கு என்று சொல்கிறாள், தோற்றமும் ஐந்துக்கு மேல் இல்லை. ஆகவே விண்ணப்பத்தில் குறிப்பிட்ட மகள் இவள் அல்ல என்று கருத இடமுண்டு. கீழே இன்னொரு வரி இருந்தது. பிள்ளை சொல்கிற வயது சரியென்றால், அவள் பிறப்பதற்கு முன்னரே விண்ணப்பதாரர் நோர்வேக்கு வந்துவிட்டார் என்பதும் கவனிக்கத்தக்கது.

யோகா மொழிபெயர்க்கச் சொன்னாள். கடைசி வரியை நான் விழுங்கப் பார்த்தேன். தாளில் இன்னும் எழுத்து இருக்கிறதே என்று விரலால் காட்டினாள். சொன்னேன். அவள் கடிதத்தை மடித்து மேசையில் வைத்தாள்.

"அப்ப உவை என்ன சொல்லுகினம்? ஒண்டில் அது என்ரை பிள்ளையில்லை. இல்லாட்டில் அது உங்கடை பிள்ளையில்லை. நாங்கள் விரும்பினதை எடுக்கலாமோ?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அந்த ஆனியிலேயே திரும்பவும் சண்டை தொடங்கி, பாதை பூட்டி, பருத்தித்துறைக்கு மேலே குண்டுவீச்சு விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. கடிதம் வர மாதக் கணக்கு. வந்த கடிதமும் எழுதிய அன்றைக்கு உயிரோடு இருந்தார்கள் என்பதைத்தான் சொல்லும். யோகா வானொலியை விட்டு அசையமாட்டாள். எனக்கும் பயம்தான். பயத்தைக் காட்டாமல் இருப்பதற்காக நான் பகிடி விட்டுக்கொண்டு திரிந்தேன். அவளுக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

6

அந்த மாரியில் இங்கர் தெற்கிலிருந்து கொண்டுவந்த போத்தல்களை அளந்தபோது எனக்கு ஒரு குழப்பம் வந்தது. அங்கே பனிக்காலம் முடிகிற நேரத்தில் பிடித்தவை. பனிக்காலத்துக்கு முன்னால் அதே இடத்தில் பிடித்தவையை நான்தான் அளந்திருந்தேன். இடையில் மாதங்கள் போயிருக்கின்றன. மேடு வலப் பக்கம் நகர வேண்டும். அது இடப் பக்கம் நகர்ந்திருந்தது. வளர்ந்திருக்க வேண்டியவை சின்னதாகிவிட்டன.

என் அளவுதான் பிழைத்துவிட்டது என்று நினைத்துத் திரும்ப அளந்தேன். அதே கணக்கு. வேலை போகப் போகிறது என்ற பயத்தோடு இங்கரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"நீ சரியாகத்தான் அளந்திருக்கிறாய். அவைதான் சுருங்கிவிட்டன" என்றாள்.

பனிக்காலத்தில் தீன் இல்லை. கிறிலுக்குப் பட்டினி கிடக்க ஒரு வழி தெரியும். அது மேல் ஓடான கோதை அடிக்கடி கழற்றும். சாப்பாடு இருக்கிற காலத்தில் புதுக் கோது முந்தியதைவிடப் பெரிதாக வரும். இல்லாத காலத்தில் ஒவ்வொரு தடவையும் ஓர் அளவு சின்னதாக வரும். ஆண் பெண் அடையாளங்களும் மங்கிப்போய்ப் பார்வைக்குத் திரும்பவும் குஞ்சு போல ஆகிவிடும். நீளத்தை வைத்து வயது சொல்கிற எங்களைப் போன்றவர்களை அது நன்றாக ஏமாற்றும்.

"அப்படியென்றால் இது உண்மையில் சின்னதா, சுருங்கிப்போன பெரியதா என்று எப்படி அறிவது?" என்று கேட்டேன்.

"அதுதான் எனக்கும் நித்திரை வராத கேள்வி. கண்ணைப் பார்க்கலாம் என்று சிலர் நினைக்கிறோம். உடம்பு சுருங்குகிற அளவுக்குக் கண் சுருங்குவதாகத் தெரியவில்லை. சின்ன உடம்பில் பெரிய கண் இருந்தால் சந்தேகப்படு. ஆனால் இன்னும் உறுதியில்லை" என்றாள்.

எனக்குத் தலைக்குள் மின்னியது. வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய், சப்பாத்தைக் கழற்றாமலே யோகாவிடம் சொன்னேன். கிறில் சாப்பாடில்லாமல் சுருங்குகிறது, பார்த்தால் வயது குறைவாகத் தெரிகிறது, எங்கள் பிள்ளைக்கும் அதுதான் நடந்திருக்கிறது, குடிவரவுக் கந்தோரில் போய் இதைச் சொல்லப் போகிறேன் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

யோகா அகப்பையை வைத்தாள். "அப்ப பிள்ளை பட்டினி கிடக்குது எண்டு சொல்லுறீங்களோ?"

அப்போதுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

"அப்பிடியில்லை. நீர் ஏன் அழுறீர்? சாமான் தட்டுப்பாடு எண்டுதானே எல்லாரும் எழுதுகினம். அக்கா தான் தின்னாமல் எண்டாலும் பிள்ளைக்குக் குடுப்பா."

"நான் இஞ்சை மூண்டு நேரமும் தின்னுறன்" என்றாள்.  விஞ்ஞானத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதில் உள்ள ஆபத்தை நான் அன்று அறிந்துகொண்டேன்.

7

ஆனாலும் போனேன். யோகாவும் வந்தாள். படியேறும்போதும், "உந்த றால் படத்தை வெளியிலை வைச்சிட்டு வாங்கோ. விசர் எண்டு நினைக்கப்போறாங்கள்" என்றாள். நான் கேட்கவில்லை.

குடிவரவுக் கந்தோரில் எங்களைப் பார்த்தவர் வழுக்கைத் தலையும் பொறுமையும் உள்ள மனிதர். நான் கோட்டுப் படத்தை அவருடைய மேசை முழுக்க விரித்தேன். அவர் தன் காப்பிக் கோப்பையை ஒதுக்கி இடம் விட்டார்.

"இது உங்கள் மகள் சம்பந்தமானதா?"

"இல்லை, இது தென் துருவக் கடல்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அந்தக் கதிரையில் இருந்து அவர் இதைவிட மோசமானவற்றையும் கேட்டிருப்பார். நான் விளங்கப்படுத்தத் தொடங்கினேன். சுருங்குவதற்கு எனக்குத் தெரிந்த நோர்வே வசனம் உடுப்பு வாங்கிய இடத்தில் பழகியது. அதை அப்படியே வைத்து, என் மகள் சலவையில் சுருங்கிவிட்டாள் என்று சொல்லி முடித்தேன். அவர் சிரிப்பை அடக்க ஒரு தாளை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்தார். யோகாவுக்கு மொழி அப்போது அவ்வளவாகப் பிடிபடவில்லை. ஆனால் என் மானம் போகிற சத்தம் எந்த மொழியிலும் அவளுக்கு விளங்கும். மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

அவர் தாளை இறக்கி வைத்துவிட்டு உண்மையாகவே ஆவலோடு கேட்டார். "இந்தப் பிராணியில் சுருங்காதது ஒன்றுமே இல்லையா?"

"கண். ஆனால் அது இன்னும் உறுதியில்லை" என்றேன். விஞ்ஞானத்துக்கு நான் துரோகம் செய்யவில்லை.

"கண்ணைக் கோப்பில் போட எனக்கு வழியில்லை" என்றார். கொஞ்சம் யோசித்தார். மேசையில் ஒரு சின்னப் பெண்ணின் படம் சட்டத்துக்குள் இருந்தது. வாய் நிறையச் சிரிக்கிற பிள்ளை, முன்னுக்கு இரண்டு பல் இல்லை. அவர் அதைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். "உங்கள் மகளுக்குப் பால் பல் விழத் தொடங்கிவிட்டதா?"

எனக்குத் தெரியவில்லை. என் மகளுக்குப் பல் முளைத்ததையே நான் பார்த்ததில்லை. இது தெரியாத தகப்பன் என்று அவர் எழுதிக்கொள்வாரோ என்று பயந்துகொண்டு, கேள்வியை யோகாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"ஓம்" என்றாள் யோகா உடனேயே. "முன்பல்லு விழுந்திட்டுது. கொழும்பிலையிருந்து கதைக்கேக்கையே இல்லை."

"உமக்கு எப்பிடித் தெரியும்? அவள் சொல்லேல்லையே!"

"வயசு கேட்டவை எண்டு சொல்லேக்கை 'சு'விலை காத்துப் போச்சுது. உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

ஒரே ரிசீவரில்தான் இரண்டு காதும் இருந்தன. எனக்குக் கேட்டது நாலு மட்டும்தான்.

நான் அதை மொழிபெயர்த்தபோது அந்த மனிதர் யோகாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். நான்கு வயதில் முன்பல் விழாது. ஒரு பல் வைத்தியர் பிள்ளையின் வாயைப் பார்த்து வயது மதிப்பிட்டு எழுதித் தரட்டும். கொழும்பில் இன்னொரு தடவை பிள்ளையைப் பார்க்கும்படி தான் எழுதுவாராம். முடிவு தன் கையில் இல்லை.

எழும்பும்போது கோட்டுப் படத்தைச் சுருட்டி என் கையில் தந்தார். "இது சுவாரசியமாக இருந்தது" என்றார். பகிடியாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

8

சொல்ல இலகு, செய்ய இரண்டு மாரி போயிற்று. அக்காவுக்கு எங்கள் கடிதம் போய்ச் சேர வேண்டும். பருத்தித்துறை ஆசுபத்திரியில் பல் வைத்தியர் இருக்கிற நாள் பார்க்க வேண்டும். அவர் எழுதித் தந்தது கடலாலோ காட்டாலோ கொழும்புக்கு வர வேண்டும். அதற்கிடையில் பிள்ளைக்கு விழுந்த இடத்தில் புதுப் பல் முளைத்துவிட்டது. நல்ல காலம், அது இன்னும் பெரிய சாட்சியாம்.

தொண்ணூற்றிரண்டு ஆனியில் அக்கா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, கிளாலியில் வள்ளம் ஏறி, நீரேரியைக் கடந்து, நடந்தும் லொறியிலும் பஸ்ஸிலுமாகக் கொழும்புக்கு வந்து சேர்ந்தாள். அந்த வள்ளப் பாதையில் என்னென்ன நடந்தது என்று கேள்விப்பட்டுக்கொண்டுதான் இருந்தோம். அவர்கள் புறப்பட்டதாகத் தகவல் வந்ததிலிருந்து ரெலிபோன் மணி அடிக்கிற வரைக்கும் யோகாவுக்குச் சோறு இறங்கவில்லை. நான் அளந்த கிறிலின் கணக்கெல்லாம் பிழைத்து, இங்கர் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

"தம்பி, வந்து சேந்திட்டம்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "வழி முழுக்கப் பிள்ளைக்கு முழு ரிக்கற் எடுத்தனான். கொண்டக்டர் அரை ரிக்கற் காணும் எண்டான். நீ எழுதடா முழுசு எண்டு பேசிப்போட்டன்."

பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னோம். அவள் ரெலிபோனுக்கு வரமாட்டேன் என்று நின்றாளாம். முதல் தடவை ரெலிபோனில் கதைத்த பிறகுதான் எல்லாம் குழம்பியது என்று நினைக்கிறாள் போல என்றாள் அக்கா.

இரண்டாவது நேர்முகம் நடந்தது. அதற்காகப் பிள்ளை இரண்டு வருடமாகப் பாடமாக்கி வைத்திருந்தாளாம். குளிக்கும்போதும், படுக்கும்போதும், கிணற்றடியிலும் தனக்குத் தானே வயதைச் சொல்லிப் பார்ப்பாளாம். பிறந்த நாள் வர வர ஒன்றைக் கூட்டிக்கொள்வாளாம். ஆனால் அன்றைக்கு அந்த அலுவலகத்தில் யாரும் அவளிடம் வயது கேட்கவில்லை. வைத்தியரின் கடிதத்தைப் பார்த்தார்கள், வாயைத் திறக்கச் சொன்னார்கள், தாய் தகப்பனின் பெயரைக் கேட்டார்கள். போகலாம் என்றார்கள்.

அனுமதி கிடைத்துவிட்டது.

9

ஆவணியில் வந்தாள். கழுத்தில் பெயர் அட்டை தொங்க, விமானப் பணிப்பெண் ஒருத்தி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளை பெரிய பெண்ணுக்குத் தைத்த சட்டை ஒன்றைப் போட்டிருந்தாள். வளரட்டும் என்று அக்கா அளவு கூட்டித் தைத்திருக்கிறாள். ஒரு கையில் பிளாஸ்ரிக் பை, அதற்குள் பனங்கட்டி. கைக்குழந்தையாக விட்டுவந்த பிறகு நான் படத்தில் மட்டும் பார்த்திருந்த பிள்ளை.

யோகா ஓடவில்லை. ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். நாலு எட்டு முன்னால் போய், தரையில் முழங்காலில் இருந்துவிட்டாள். பிள்ளையும் கிட்ட வரவில்லை. கைக்கெட்டாத தூரத்தில் நின்று தாயை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பையைக் கீழே வைத்தாள். தோளை நிமிர்த்தினாள். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னாள்.

"அம்மா, எனக்கு ஒன்பது வயசு. உண்ணாணை, சத்தியமா."

"தெரியும் பிள்ளை" என்றாள் யோகா. "நான்தானே உன்னைப் பெத்தனான்."

பிள்ளை அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்ப ஏன் கூப்பிடேல்லை?"

யோகா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.  முத்திரை, தவணை, கந்தோர், பாதை என்று எனக்குத் தெரிந்த காரணங்கள் எல்லாம் வரிசையில் நின்றன.  நான் குனிந்து அவளைத் தூக்கப் பார்த்தேன். கடைசியாக நான் தூக்கியபோது அவளுக்கு எட்டு மாதம். ஒன்பது வயதுப் பிள்ளையை எங்கே பிடித்துத் தூக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.